நெரிசலில் சூடேறி நின்றுவிடும் 150 சிசி மோட்டார் சைக்கிள்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

தெஹிவளை வாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே. என்னிடம் இருப்பது காற்றால் குளிரும் எஞ்சினும், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரும் கொண்ட 150 சிசி இந்தியத் தயாரிப்பு மோட்டார் சைக்கிள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்னர் வாங்கியது. தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குப் பொதிகளை எடுத்துச் சென்று கொடுப்பதே என் தொழில் என்பதால் கிழமையில் ஆறு நாளும் இது ஓடியே ஆகவேண்டும்.

காலை வேளையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. நண்பகலில், கொள்ளுப்பிட்டி தாண்டி ஒல்கொட் மாவத்தை வரை பேருந்துகளுக்கு இடையே ஊர்ந்து செல்லும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. முதலில் முழங்காலின் உட்புறம் தாங்கமுடியாதபடி சுடும். பிறகு ஐட்லிங் (எக்ஸிலேற்றரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாகவே ஏறி, சற்று நேரத்தில் தானாகவே இறங்கும். எக்ஸிலேற்றரைத் திருகினால் சிலிண்டர் தலைப் பக்கமிருந்து சில்லறைக் காசுகளைக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்கும், இழுவையும் குறைந்துவிடும். கடைசியில் ஏதாவதொரு சமிக்ஞை விளக்கடியில் நின்றுவிட்டால், எவ்வளவு உதைத்தாலும் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. கால் மணித்தியாலம் நிழலில் நிறுத்திவைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

ஒரு கராஜில் சிலிண்டரைப் போர் அடிக்க (உட்சுவரைக் கடைந்து அகலமாக்க) வேண்டும் என்றார்கள். இன்னொரு கராஜில் காபரேற்றரையும், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியையும் மாற்றச் சொன்னார்கள். இரண்டிலும் எஞ்சினைத் திறந்து பார்க்காமலேயே சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிளக் புதிது. ஒயில் 20டபிள்யூ-50, மாற்றி அதிக காலம் ஆகவில்லை. பின் பிரேக்கும் அண்மையில் இறுக்கப்பட்டது. மழைக்காலத்தில் சேறு காலில் தெறிக்காமல் இருக்க, முன்பக்கக் கம்பிக் காப்பில் ஒரு பிளாஸ்டிக் தகடு கட்டியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் செலவழிப்பதற்கு முன்னர் தெரிந்துகொள்ள விரும்புவது இவைதான். இது உண்மையிலேயே மிகைச் சூடா, அல்லது கொழும்பு வெயிலில் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் இப்படித்தானா? நின்றுவிட்ட நேரத்தில் எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றலாமா? ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் சூடு குறையுமா?

வெள்ளவத்தை ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, அறிகுறிகளை இவ்வளவு ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. தொழில்நுட்பப் பாடம் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நான் முதலில் எதிர்பார்த்தது இதைத்தான். நீங்கள் எழுதியவற்றில் மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: கால் சுடுவது, எஞ்சின் மிகையாகச் சூடாவது, சூடானபின் நின்றுவிடுவது. இம்மூன்றும் ஒரே காரணத்தால் வரலாம், வராமலும் இருக்கலாம்.

கால் சுடுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டர் தலை, நல்ல நிலையில் இருக்கும்போதே 100 பாகை செல்சியசைத் தாண்டித்தான் வேலை செய்யும். ஃபின்களில் (எஞ்சினைச் சுற்றி வரிசையாக நிற்கும் குளிர்விப்புத் தகடுகளில்) ஒரு துளி தண்ணீர் விட்டு, அது சீறி ஆவியானதும் பயந்துவிடுகிற பலரைக் கண்டிருக்கிறேன். அந்தச் சீறல் 100 பாகைக்கு மேல் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. அதே சமயம் நீங்கள் குறிப்பிட்ட சில்லறைச் சத்தமும் இழுவைக் குறைவும் உண்மையான எச்சரிக்கைகள். எரியறைக்குள் கலவை ஒழுங்காகப் பரவி எரியாமல், ஒரு பகுதி தானாகவே வெடித்து எரியும்போதுதான் அந்தச் சத்தம் எழும். அதைப் பொருட்படுத்தாமல் ஓடினால் பிஸ்டனின் மேற்பகுதி உருகிச் சேதமடையக் கூடும். ஆகவே அந்தச் சத்தம் கேட்டவுடன் எக்ஸிலேற்றரைக் குறைத்து, கியரையும் ஒன்று இறக்குங்கள். குறைந்த சுழற்சியில் வலுவாக இழுக்கவைப்பதுதான் அந்த நேரத்தில் எஞ்சினுக்குச் செய்யும் பெரிய கொடுமை.

அடுத்தது அந்தப் பிளாஸ்டிக் தகடு. அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். உங்கள் எஞ்சினில் ரேடியேற்றரும் இல்லை, விசிறியும் இல்லை. முன்சில்லைத் தாண்டி வரும் காற்று ஃபின்களுக்கு இடையே புகுந்து செல்வது ஒன்றே அதன் குளிர்விப்பு. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும்போது கிடைப்பதே கொஞ்சக் காற்று. அதையும் தகடு மறித்துவிட்டால் மிச்சமிருப்பது கீழே செல்லும் எஞ்சின் ஒயில் மட்டும்தான். கழற்றியபின் ஃபின்களின் இடைவெளிகளைக் குந்தியிருந்து பாருங்கள். கடலோரப் பாதையில் ஓடும் வண்டிகளில் அலுமினியம் உப்புக் காற்றில் அரிபட்டு வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதன்மேல் சேறும் ஒயிலும் சேர்ந்து காய்ந்து ஒரு மேலோடு போலப் படிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டீர்கள். கூடாது. சூடான வார்ப்பு உலோகம் ஒரு பக்கம் மட்டும் சடுதியாகச் சுருங்கினால் கோணலாகும், வெடிப்பும் விடலாம். சிலிண்டருக்கும் தலைக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கசியத் தொடங்குவதும் இப்படித்தான். நிழலில் நிறுத்தி, காற்றுப் படும்படி விட்டாலே போதும்.

இனி, நின்றுவிடும் தருணம். உங்கள் வண்டி நமக்கு உண்மையைச் சொல்லப்போகும் தருணம் அதுதான் என்பதால் அதை வீணாக்காதீர்கள். வண்டி நின்றவுடனேயே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, பின்னர் ஸ்டார்ட் ஆகினால், மூடியிலுள்ள மூச்சுத் துவாரம் அடைபட்டு, பெற்றோல் காபரேற்றருக்கு ஒழுங்காக இறங்கவில்லை என்று பொருள். பெற்றோல் குறைந்தால் கலவையில் காற்று மிகுந்து, அதனாலேயே எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது பல வண்டிகள் அரைத் தாங்கியுடன் மாதக்கணக்கில் நின்றன. அவற்றின் தாங்கிகளில் அப்போது பிடித்த துரு இன்னமும் ஃபில்டர்களை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால் தீப்பொறியைப் பாருங்கள். ஒரு மேலதிக பிளக்கைக் கையோடு வைத்திருங்கள். சூடான பிளக்கைக் கழற்ற முயன்று விரலைச் சுட்டுக்கொள்ளாமல், பிளக்கின் மூடியை மட்டும் இழுத்து அதில் மேலதிக பிளக்கைச் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினில் தொடும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பொறி இல்லையென்றால் சிடிஐ, பிக்கப் கொயில் (பொறி அடிக்கவேண்டிய நேரத்தைச் சிடிஐக்குச் சொல்லும் கம்பிச் சுருள்) ஆகியவற்றைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறுவது அவற்றின் இயல்பு. பொறி நன்றாக இருந்தால் அந்தப் பெட்டியை மாற்றும் பணம் உங்களுக்கு மிச்சம். உதைக்கும்போது உதைப்பான் வழக்கத்தைவிட இலேசாகக் கீழிறங்குகிறதா என்பதையும் கவனித்து எழுதுங்கள். அது மிக முக்கியம்.

கொட்டாஞ்சேனை ஓட்டுநர் எழுதியது:

எனக்கும் இதே சில்லறைச் சத்தம் இருந்தது. ஒக்டேன் 95 அடிக்கத் தொடங்கியபின் சத்தம் நின்றுவிட்டது. அண்ணாவும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஒயில் கூலர் ஒன்றையும் பொருத்தினால் நெரிசலில் சூடு கணிசமாகக் குறையும் என்று கேள்விப்பட்டேன்.

தெமட்டகொடை மெக்கானிக் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன ஒழுங்கை அப்படியே பின்பற்றுங்கள். நான் கராஜில் நாளாந்தம் காண்பவற்றை அதனோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் 95 பற்றி. கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்னதில் பொய்யில்லை, சத்தம் குறைந்திருக்கும். ஆனால் ஒக்டேன் இலக்கம் என்பது பெற்றோல் தானாக வெடித்து எரிவதை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு மட்டுமே. அது எஞ்சினைக் குளிரவைக்கும் மருந்து அல்ல. 92 இல் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சின், 95 கொடுத்தால்தான் சத்தமில்லாமல் ஓடுகிறது என்றால், உள்ளே வேறொரு குறை இருக்கிறது: ஒன்றில் கரி படிந்திருக்கிறது, அல்லது கலவையில் காற்று மிகுந்திருக்கிறது, அல்லது எஞ்சின் உண்மையாகவே மிகையாகச் சூடாகிறது. சத்தத்தை அமுக்கிவிட்டால் அந்தக் குறை தெரியாமல் வளரும். ஒயில் கூலரும் அப்படித்தான். தயாரிப்பாளர் வைக்காத இடத்தில் குழாய்களைப் பொருத்தி, ஒரு இணைப்புக் கழன்றால் ஒயில் முழுவதும் பின்சில்லில் கொட்டும். அந்த விபத்தை நினைத்தே நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஐட்லிங் தானாக ஏறி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தவுடன் என் மனதில் வந்தது காபரேற்றருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள இன்டேக் றப்பர். பெற்றோல் முழுமையாக எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்றுத் தேவை. காபரேற்றர் அந்தக் கணக்கைச் சரியாக அளந்து கொடுத்தாலும், அதற்குப் பின்னாலுள்ள றப்பரில் வெடிப்பு இருந்தால் அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். வெளியே பார்த்தால் றப்பர் நன்றாகவே தெரியும். கிளிப் இறுக்கிப் பிடித்திருக்கும் வரிக்கு அடியில், வளைத்துப் பார்த்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு இருக்கும். எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, சிறிய தெளிபோத்தலால் அந்த றப்பரைச் சுற்றிச் சிறிது தண்ணீர் தெளியுங்கள். எந்த இடத்தில் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. இதற்குச் சிலர் பெற்றோலோ தின்னரோ தெளிப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அப்படிச் செய்யவே கூடாது.

பிளக் புதிது என்றீர்கள். எந்த இலக்கம்? என்ஜிகே பிளக்குகளில் சூட்டு எண் கூடக்கூட அது குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றும் வகை. பொஷ் பிளக்குகளில் இது நேர்மாறு. கடைக்காரர் "இதுவும் பொருந்தும்" என்று இன்னொரு கம்பனியின் பிளக்கைத் தரும்போது மரை பொருந்தும், சூட்டு எண் பொருந்தாமல் போகும். கைநூலில் எழுதியிருக்கும் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் நிறத்தையும் பார்க்கவேண்டும், ஆனால் நெரிசலில் ஊர்ந்து வந்து கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அப்போது ஐட்லிங்கின் கதை மட்டுமே தெரியும். அதிகாலையில் மரைன் டிரைவ் வெறுமையாக இருக்கும் நேரத்தில் சீரான வேகத்தில் சற்றுத் தூரம் ஓடி, பின்னால் எவரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி ஓரங்கட்டுங்கள். ஆறியபின் கழற்றினால், வெள்ளைப் பீங்கான் இளம் மண்ணிறத்தில் இருக்கவேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவையில் காற்று மிகுதி. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி.

ஒயில் 20டபிள்யூ-50 என்பது நம் காலநிலைக்குக் குறையில்லை. ஆனால் குப்பியின் பின்புறத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற மோட்டார் சைக்கிள் ஒயில் தர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கிளச் ஒயிலுக்குள்ளேயே ஓடுவது. காருக்கென்று செய்யப்பட்ட சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால் கிளச் வழுக்கும்; வழுக்கும் கிளச் இழுவையைத் தின்று சூட்டை உமிழும். ஒயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீற்றரை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரு மணித்தியாலம் நெரிசலில் நின்று ஓடிய எஞ்சினின் மானியில் சில கிலோமீற்றர்தான் ஏறியிருக்கும். ஒயிலோ அந்த முழு நேரமும் சூட்டில் வெந்துகொண்டிருந்திருக்கும். கைநூல் சொல்வதற்கு முன்னதாகவே மாற்றிவிடுவது உங்களைப் போன்ற பொதி ஓட்டுநர்களுக்கு நல்லது.

கடைசியாக, பின் பிரேக் அண்மையில் இறுக்கப்பட்டது என்று எழுதியதை நான் தாண்டிப்போகவில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூற்றலில் பின்சில்லைக் கையால் சுழற்றுங்கள். தடையின்றிச் சில சுற்றுகள் சுழலவேண்டும். ஓடி முடித்தவுடன் ட்ரம்முக்கு அருகே உள்ளங்கையைத் தொடாமல் பிடித்துப் பாருங்கள். பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் வந்தும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அப்படியானால் உங்கள் எஞ்சின் நாள் முழுவதும் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. செயின் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

இவற்றையெல்லாம் பார்க்காமல் போர் அடிக்க எவருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

தெஹிவளை வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் மெக்கானிக் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தகட்டைக் கழற்றிக் கழுவியதும் நெரிசலில் நிற்கும் வரை எடுக்கும் நேரம் நீண்டது, ஆனாலும் குறை தீரவில்லை. பின்சில்லைக் கையால் சுழற்றியபோது முக்கால் சுற்றில் நின்றது. பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தி, மிதியில் சிறிது இடைவெளி வைத்தபின் தடையின்றிச் சுழல்கிறது. வண்டியைத் தள்ளும்போதே வித்தியாசம் தெரிகிறது. இன்டேக் றப்பரில் தண்ணீர் தெளித்ததும் எஞ்சின் ஒருமுறை தடுமாறி மீண்டது. கழற்றி வளைத்துப் பார்த்தால், மேலே வழுவழுப்பாகத் தெரிந்த றப்பரின் அடிப்பக்கத்தில், கிளிப் பதிந்திருந்த வரியோடு ஒட்டி, நகக்கண் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. அந்த விளிம்புகள் கல் போல இறுகியிருந்தன. பஞ்சிகாவத்தையில் புதியது வாங்கிப் போட்டேன். ஐட்லிங் இப்போது அசையாமல் நிற்கிறது, சில்லறைச் சத்தமும் கேட்பதில்லை. முன்பு வெளுத்திருந்த பிளக் மண்ணிறத்துக்கு வந்துவிட்டது. பெற்றோல் 92 தான்.

ஆனால் ஒன்று எஞ்சியிருக்கிறது. நேற்று ஒல்கொட் மாவத்தையில் கடும் நெரிசலில் மீண்டும் நின்றுவிட்டது. தாங்கி மூடியைத் திறந்தேன், இழுபடும் சத்தம் இல்லை. மேலதிக பிளக்கில் நீல நிறப் பொறி நன்றாக அடித்தது. ஐயா கேட்டது போலக் கவனித்தபோது, உதைப்பான் எதிர்ப்பே இல்லாமல் கீழிறங்கியது. ஆறியபின் வழக்கமான எதிர்ப்புத் திரும்பிவிட்டது. இது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததன் அடையாளமா?

தெமட்டகொடை மெக்கானிக் எழுதியது:

நீங்கள் செய்த சோதனை எங்கள் வேலையைப் பாதியாக்கிவிட்டது. பொறி இருக்கிறது, பெற்றோல் இருக்கிறது, அமுக்கம் மட்டும் சூட்டில் காணாமல் போகிறது. வளையம் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும், ஒயில் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்வதும் கடினமாகும். நீங்கள் அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. இது புகைபோக்கும் வால்வின் டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ரொக்கர் கைக்கும் இடையே விடப்படும் இடைவெளி) என்றே நினைக்கிறேன்.

வால்வு சூட்டில் நீளும். அதற்காகத்தான் ஆறிய நிலையில் ஒரு மயிரிழை இடைவெளி விடப்படுகிறது. காலப்போக்கில் வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்லத் தேய்ந்து உட்கார, அந்த இடைவெளி குறைந்து இல்லாமலே போய்விடும். பிறகு எஞ்சின் உச்சச் சூட்டை எட்டியதும் வால்வு முழுமையாக மூடாது, அமுக்கம் கசியும். அதைவிட மோசமானது என்னவென்றால், வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையைத் தொடும்போதுதான் சிலிண்டர் தலைக்குக் கொடுக்கிறது. தொடாவிட்டால் சூட்டைக் கொடுக்க வழியில்லாமல் விளிம்பு கருகிவிடும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரவு முழுவதும் நின்ற எஞ்சினில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கவேண்டும். காந்தச் சில்லின் T குறியை நேராக்கி, இரண்டு ரொக்கர்களும் தளர்வாக இருக்கும் அமுக்க நிலையில்தான், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைக்கவேண்டும். இடைவெளியின் அளவு உங்கள் கைநூலில் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள், வேறொரு மாதிரியின் அளவை எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம். கருவி இல்லையென்றால், வண்டியை முதல்நாள் மாலையே ஒரு கராஜில் விட்டு, ஆறியபின் பார்க்கும்படி கேளுங்கள். சூட்டோடு சூடாக டெப்பட் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

தெஹிவளை வாசி எழுதியது:

அண்ணா, இன்று காலையில் பார்த்தாகிவிட்டது. உள்ளெடுக்கும் வால்வில் இடைவெளி சரியாக இருந்தது. புகைபோக்கும் வால்வில் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கைநூலின் அளவுக்கு வைத்துப் பூட்டியபின், வேண்டுமென்றே நண்பகல் நெரிசலில் காலிமுகத்திடலிலிருந்து புறக்கோட்டை வரை ஊர்ந்து சென்று, அங்கேயே நிறுத்தி உடனே உதைத்துப் பார்த்தேன். உதைப்பானில் எதிர்ப்பு இருந்தது, ஸ்டார்ட் ஆகிவிட்டது. டெப்பட் பக்கம் முன்பு இல்லாத மெல்லிய டிக் டிக் ஒலி கேட்கிறது. அதில் பயப்பட ஏதும் உண்டா?

தெமட்டகொடை மெக்கானிக் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. அந்த மெல்லிய ஒலியை அப்படியே இருக்கவிடுங்கள். இடைவெளி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சத்தம் கேட்கக்கூடாது என்று டெப்பட்டை இறுக்கியே பல வால்வுகளைக் கருக்கிவிடுகிறார்கள்.

சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஆறிய நிலையில் ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள். அளவு அப்படியே இருந்தால் வழமையான சேர்விஸில் பார்த்துக்கொண்டால் போதும். இடைவெளி மறுபடியும் மூடியிருந்தால், வால்வின் விளிம்போ இருக்கையோ ஏற்கனவே பழுதடைந்திருக்கிறது. அப்போது சிலிண்டர் தலையைக் கழற்றி வால்வைத் தீட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கும். அந்த வேலைக்கும் போர் அடிக்கத் தேவையில்லை என்பதைக் கராஜில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.